கத்திக்குப் போன பாட்டு

என் தம்பியின் விரலைப் பாட்டு வெட்டியது. இப்படிச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், ஊசி போட வந்த நர்ஸ் உட்பட.

"பாட்டு ஆரம்பிச்சுதுக்கா. ஆரம்பிச்ச உடனே கத்தி நகர்ந்துச்சு. நான் ஹோல்டு போட்டுட்டுத்தான் கையை விட்டேன், சத்தியமா" என்றான் அவன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அந்த இடத்தில் பெரிய பொட்டலம் மாதிரி ஒரு கட்டு இருந்தது.

அவன் வேலை பார்த்த தொழிற்சாலையின் முதலாளி பழப் பையோடு வந்து நின்றிருந்தார். "பாவம், மயக்கம் இன்னும் தெளியலை" என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பாட்டு வெட்டுச்சாம்! இனிமே கச்சேரிக்குப் போறவங்க எல்லாம் ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் போகணும் போல."

அவ்வளவுதான், அறையே குலுங்கியது. செய்தி கேட்டதிலிருந்து அழுது அழுது கண் வீங்கிக் கிடந்த நானும் சிரித்துவிட்டேன். அப்படிப்பட்ட நேரத்தில் சிரிப்பு வந்தால் அடக்கவும் முடியாது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் என்னோடுதான் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் படுக்கை, என் வீட்டுக்காரரோடு ஒரே தட்டில் கை வைக்காத குறையாகச் சாப்பாடு. அந்தத் தோல்பைத் தொழிற்சாலையில், தோல் வெட்டும் மெஷினில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர்தான். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'டாக்டர்'. பேஷண்ட் செத்தாலும் பீஸ் வாங்காமல் வரமாட்டார் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கும் இதே பிழைப்புதான். ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பெட்டிகளைப் பராமரிக்கிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். நான் ஒரு கார்டை மாட்டினால் எல்லாவற்றையும் ஒரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன். அவர் அப்படி இல்லை. "சத்தம் வந்துச்சா? வந்துச்சு. படம் தெரியுதா? தெரியுது. மூடு" என்பார். இதற்காக எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. "நீ ரொம்பப் பார்ப்பே, அதான் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி முடிக்கிறே" என்று வாரிவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் பயங்கரச் சுத்தம். கார்டில் இருக்கும் ஜம்பர் என்கிற பொடி பிளாஸ்டிக் துண்டு கழன்று விழாமல் இருக்க, அதன் மேல் ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்து ஒட்டிவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பசை வாங்கிக்கொள்ளலாமே என்றால், "இதுதான் வேணும்னா சுரண்டி எடுக்கலாம், கார்டும் கெடாது" என்பார். பாலிஷ் வாங்குவது நான், தீர்ப்பது அவர். என் நகத்தைவிட ஊரிலுள்ள கார்டுகள்தான் அதிகம் சிங்காரித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தேனொழுகப் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. மெயினை அணைச்சுட்டுத்தான் கையை உள்ள விடணும்னு போர்டே மாட்டியிருக்கோம். உங்க தம்பி அணைக்கலை. தொழிற்சாலை ஆய்வாளரும் வந்து பார்த்து மெயினுக்குச் சீல் வெச்சுட்டுப் போயிருக்கார். ஆள் கவனமில்லாம இருந்துட்டார்னு ரிப்போர்ட் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போர்டு இருந்தது உண்மை. ஆனால் மெயினை அணைத்தால், கம்ப்யூட்டர் சொல்படி தோல் வெட்டும் அந்த மேஜை, தான் எந்த இடத்தில் நின்றோம் என்பதை மறந்துவிடும். பாதி வெட்டிய தோல் வீணாகும். அதனால் போர்டை மாட்டிய அதே வாய்தான், "எவனாவது நடுவுல மெயினை அணைச்சீங்க, தொலைச்சுடுவேன். ஹோல்டு பொத்தானை அமுக்குங்க, போதும்" என்றும் சொல்லியிருந்தது. ஹோல்டை அமுக்கினால் கத்தி நின்ற இடத்திலேயே காத்திருக்கும். அங்கே வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சுவரில் இருக்கிற போர்டைக் காட்டலாம், காதில் விழுந்த வசவை யாருக்குக் காட்டுவது?

ஆய்வாளரின் ரிப்போர்ட்தான் எல்லாம். கவனமில்லாதவன் என்று அதில் எழுதிவிட்டால் இந்த வேலையும் போய்விடும், நஷ்டஈடும் கிடையாது. அதைவிடக் கொடுமை, கை ஊனமானவனை வேறு எந்தத் தொழிற்சாலையும் வாசலில்கூட நிற்க விடாது, அதிலும் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவன் என்ற முத்திரையோடு போனால். அவனுக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

மறுநாள் அவனுடைய சட்டையையும் சாப்பாட்டுக் கேரியரையும் எடுத்துவரத் தொழிற்சாலைக்குப் போனேன். வெட்டும் கூடத்தில் யாரும் இல்லை. நீளமான மேஜை, அதன் மேல் தண்டவாளம் போல இரண்டு கம்பிகள், நடுவே கத்தித் தலை. யாரோ தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனால் மேஜைக் காலடியில் கழுவவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அது ஓடிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சுக்கு மட்டும்தான் சீல், கம்ப்யூட்டருக்கு இல்லை.

எவ்வளவோ பழைய பெட்டி அது. கத்திக்கு உத்தரவு கொடுக்கிற கார்டு அந்தக் காலத்துச் சொருகில்தான் ஏறும் என்பதால் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர். மணி அடித்தால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்று முதலாளிக்கு ஞானோதயம் பிறந்து, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு குழலிசை தானாகவே பாடும்படி கொஞ்ச நாளைக்கு முன்னால் ஏற்பாடு செய்திருந்தார். தம்பி 'பாட்டு' என்றது அதைத்தான்.

ஸ்பீக்கர் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு சவுண்டு கார்டு இருக்கிறது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். கம்ப்யூட்டருக்குள் பெரிய மனுஷன் பிராசஸர். எந்தத் தகவல் வந்தாலும் அவன் கையால் வாங்கி அவன் கையால்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவனே ஓடினால் வேலை நகராது. அதனால் சில கார்டுகளுக்கு மட்டும் கொல்லைப்புறக் கதவு ஒன்றைத் திறந்துவிட்டிருப்பார்கள். அவை பிராசஸரைக் கேட்காமலே நேராக மெமரியிலிருந்து வேண்டியதை வாங்கிக்கொள்ளும். அந்தக் கதவுகளுக்கு டிஎம்ஏ சானல் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இந்த மாதிரி பழைய பெட்டிகளில் ஒரு கதவுக்கு ஓர் ஆள்தான். இரண்டு பேரை ஒரே கதவில் விட்டால், ஒருவனுக்கு வந்ததை மற்றவனும் கை நீட்டி வாங்கிக்கொள்வான். யாருக்கு எந்தக் கதவு என்பதை, கார்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளின் மேல் குட்டி பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டி நாம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொப்பிதான் ஜம்பர்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். சாதாரணமாக அது உள்ளே என்னென்ன கார்டுகள் இருக்கின்றன என்றுதான் காட்டும். காட்டும் முறையை மாற்றினால், எந்தக் கதவில் யார் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடும். மாற்றினேன். ஒன்றாம் சானலில் கத்திக் கார்டு. அதே ஒன்றாம் சானலில், அதற்கு நேர் கீழே, சவுண்டு கார்டு. இரண்டின் பக்கத்திலும் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி. பெட்டி தன்னால் முடிந்த மட்டும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

ஐயோ, என் தம்பி ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்துக்குள் தோல் முழுவதும் வெட்டி முடிந்து கத்திக் கார்டு வேலையை முடித்திருக்கும், பாட்டு பாடினாலும் அதற்குக் காது இருக்காது. அன்று பாதித் தோலில் ஒரு துண்டு சிக்கியிருக்கிறது. அவன் ஹோல்டு போட்டிருக்கிறான். கார்டு அடுத்த உத்தரவுக்காகக் கதவில் கை நீட்டிக் காத்திருந்த நேரத்தில் பாட்டு ஆரம்பித்திருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது கத்திக்கும் போயிருக்கிறது. குழலிசையை உத்தரவு என்று நினைத்துக் கத்தி ஓடியிருக்கிறது, நடுவில் என் தம்பியின் விரல். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வீட்டுக்காரரிடம்தான் கொட்டினேன். வேறு யாரிடம் சொல்வேன்? இந்த ஊரிலேயே இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு ஆள் அவர்தானே. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே தட்டில் வைத்தபடி கேட்டார்.

"அந்த சவுண்டு கார்டை நீங்கதான போட்டீங்க?" என்றேன்.

"நானா? நான் எங்க போட்டேன்? முதலாளி பையன் லீவுக்கு வந்தப்போ வாங்கிட்டு வந்து அவனே சொருகினான். எனக்கு எல்லாம் தெரியும்னு குதிப்பானே, அவன்தான்."

"நீங்க பார்க்கக்கூட இல்லையா?"

"பாட்டு நல்லா வருதுன்னாங்க. நான் ஏன் போய் மூக்கை நுழைக்கணும்?" பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஆய்வாளர்கிட்டப் போறேன். நீங்களும் வாங்க. சர்வீஸ் பார்க்கிற ஆளே சொன்னா எடுபடும்."

"வரேன், வரேன். என் மச்சானுக்காக வரமாட்டேனா?"

நம்பினேன். வீட்டில் இருக்கிற மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று நினைத்தேன். திரையில் பார்த்ததைப் படம்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவசரமாக ஒரு சர்வீஸ் வந்துவிட்டது என்று அவர் கிளம்பிவிட்டார். நான் மட்டும் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் பொறுமைசாலி, ஆனால் களைத்துப் போனவர். நான் சொன்ன கொல்லைப்புறக் கதவுக் கதையை முழுதாகக் கேட்டார்.

"எனக்கு இது எதுவும் புரியலைம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். கத்தி நகர்றதைக் கண்ணால காட்டுவீங்களா?"

"காட்டறேன் சார். தோலுக்குப் பதிலா அட்டையை வெச்சு ஓட்டுவோம். பாதியில ஹோல்டு போடுவோம். பாட்டைப் போட்டா கத்தி தானா ஓடும். ஓடலைன்னா என் தம்பி தப்புன்னே எழுதிக்குங்க."

இப்படி வாயைக் கொடுத்தது நான்தான். என் கண்ணால் பார்த்த பட்டியல் அது, மாறுமா என்ன? நாளை மதியம் வருகிறேன் என்றார் அவர்.

மறுநாள் மதியம் எல்லோரும் அந்தக் கூடத்தில் இருந்தோம். ஆய்வாளர் தன் கையால் சீலை உடைத்து மெயினைப் போட்டார். முதலாளி கைகட்டி நின்றார். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கித் தம்பியை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டபடி சுவரோரமாக நின்றான். என் வீட்டுக்காரரும் தன் பையும் ஸ்க்ரூ டிரைவருமாக முன்னாலேயே வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அட்டையை விரித்தேன். கத்தி ஒழுங்காக வெட்டிக்கொண்டே வந்தது. பாதியில் ஹோல்டை அமுக்கினேன், நின்றது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

குழலிசை கூடம் முழுக்கப் பரவியது. முதல் ஒலி காதில் விழுந்ததுமே தம்பி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். கத்தி அசையவில்லை.

பாட்டு முழுவதும் பாடி முடிந்தது. திரும்பப் போட்டேன். மூன்றாம் தரமும் போட்டேன். கத்தி சிலை மாதிரி நின்றது.

"பாட்டு நல்லா இருக்கு" என்றார் முதலாளி. "இன்னொரு தரம் கேட்கணுமாம்மா, போதுமா?"

ஓடிப்போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ஒன்றாம் சானலில் கத்திக் கார்டு மட்டும் இருந்தது. சவுண்டு கார்டு மூன்றாம் சானலில் இருந்தது. ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. இதைவிட ஒழுங்கான பட்டியலை என் லேபில்கூட நான் பார்த்ததில்லை.

"இது இப்படி இல்லை சார்! முந்தாநாள் நான் பார்த்தப்போ ரெண்டும் ஒண்ணுல இருந்துச்சு. யாரோ மாத்தியிருக்காங்க!"

"யாரும்மா மாத்துவாங்க? இதுல கை வெக்கத் தெரிஞ்சவரு உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரைக் கேளுங்க" என்றார் முதலாளி. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "நீ அன்னைக்கு அழுதுகிட்டே பார்த்திருப்பே. வரி மாறித் தெரிஞ்சிருக்கும்" என்றார். எவ்வளவு அன்பான குரல்!

"மூடியைத் திறக்கணும்" என்றேன்.

"எதுக்கு? சாருக்கு நேரமாகுது" என்றார் வீட்டுக்காரர். ஆனால் ஆய்வாளர், "திறக்கட்டும், இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார். பெட்டியை அணைத்துவிட்டு, வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை நானே வாங்கிக் கழற்றினேன்.

மூடியை எடுத்ததும் அந்த வாசனை குப்பென்று அடித்தது. நெயில் பாலிஷ் வாசனை. மூடிய பெட்டிக்குள் அடைந்து கிடந்து, என் அலமாரியைத் திறந்தது போலவே அடித்தது.

சவுண்டு கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். கார்டெல்லாம் தூசி. ஒன்றாம் சானலுக்கான இரண்டு ஊசிகள் மட்டும் தூசியே இல்லாமல் பளபளவென்று மொட்டையாக நின்றன. அவற்றின் அடியில் சுரண்டி எடுத்தது போக மிச்சமாகப் பழைய சிவப்புப் பாலிஷ் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். தீர்ந்து போய்ப் போன மாதம் நான் குப்பையில் போட்ட பாட்டில். மூன்றாம் சானலில் ஜம்பர் இருந்தது. அதன் தலையில் இன்னும் சரியாகக் காயாத ஒரு சொட்டு. கருஊதா நிறம்.

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த தம்பி, "கத்திரிக்காய் கலர்" என்றான்.

லேபில் கூட வேலை பார்ப்பவள் எனக்குப் பரிசாகக் கொடுத்த பாட்டில் அது. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, "என்னக்கா இது, கத்திரிக்காய் கலர்ல? விரல் எல்லாம் மார்க்கெட்ல விக்கிற மாதிரி இருக்கும்" என்று அவன்தான் கேலி செய்தான். அவன் கேலி செய்ததால் நான் திறக்கவே இல்லை.

இப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது. சிவப்பும் புரிந்தது, ஊதாவும் புரிந்தது. அவன் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான், என் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தான், பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பினான்.

"சார், என் தப்புதான் சார். நான் மெயினை அணைக்கலை. எழுதிக்குங்க."

"டேய்!" என்று கத்தினேன்.

"விடுக்கா. போனது வரவா போகுது? நீ வீட்டுக்குப் போ."

ஆய்வாளர் பேனாவை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சுதான் என்னைக் கொன்றது. ஒரு வார்த்தை சொல்வார் என்று அந்த நிமிஷம் வரைக்கும் பைத்தியக்காரி மாதிரி காத்திருந்தேன். இரண்டு விரலை இழந்த பையன் அவருக்காகப் பழியையும் ஏற்றுக்கொள்கிறான். அவரோ அப்பாடா என்று மூச்சு விடுகிறார்.

"எழுதாதீங்க சார்" என்றேன். "இந்த நெயில் பாலிஷ் என்னோடது. சிவப்பும் என்னோடது, இதுவும் என்னோடது. ஜம்பர்ல இதை வெக்கிற ஆள் இந்த ஊர்லயே ஒருத்தர்தான். சிவப்பு வெச்சு ஒண்ணுல மாட்டினதும் அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுட்டு, இன்னைக்கு நமக்கெல்லாம் முன்னாலேயே வந்து மூணுக்கு மாத்தினதும் அவர்தான். தொட்டுப் பாருங்க, இன்னும் காயலை. அதோ நிக்கிறாரே, என் புருஷன்."

ஆய்வாளர் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் ஊதா ஒட்டியது. "என்னங்க, இந்தம்மா சொல்றது சரியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுல மாத்திட்டு ஓட்டிப் பாருங்க" என்றார் ஆய்வாளர் என்னிடம். மாற்றினேன். அட்டையில் பாதி வெட்டி, ஹோல்டு போட்டு, பாட்டைப் போட்டேன். முதல் ஒலிக்கே கத்தி துள்ளிக்கொண்டு குறுக்கே ஓடியது. அட்டை இரண்டாகக் கிழிந்தது. தம்பி ஓவென்று அலறியபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.

முதலாளி சட்டென்று சுதாரித்துக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். "சார், அப்ப இது எங்க தொழிற்சாலை தப்பே இல்லையே. காண்ட்ராக்ட் எடுத்தவர் தப்பு. எது கேட்கிறதா இருந்தாலும் அவர்கிட்டத்தான் கேட்கணும்" என்றார். கத்தி ஓடி நிற்பதற்குள் கணக்கை எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். ஆய்வாளர், அதையெல்லாம் மேலே முடிவு செய்வார்கள் என்றார். ஆனால் ரிப்போர்ட்டில் வேலையாள் மீது தவறில்லை என்று என் கண்ணெதிரே எழுதினார். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது தம்பி, "மாமா பாவம்க்கா. பயந்துட்டார்" என்றான். அவனை அறையலாம் போல இருந்தது. எப்படி இவ்வளவு நல்லவனாக வளர்ந்து தொலைத்தான் என்று ஆத்திரமாக வந்தது.

வீட்டில் விளக்குப் போடாமல் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கருஊதாப் பாட்டிலை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்திருந்தார், மூடியை அழுத்தமாக மூடி. எடுத்து வந்து அவர் எதிரில் வைத்தேன். காண்ட்ராக்ட் போய்விடும், கடைத்தெருவில் தலை காட்ட முடியாது, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும் என்றெல்லாம் ஏதேதோ சொன்னார். அவசரத்தில் மாட்டிய கார்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்றார். அதுவரைக்கும் எனக்குக்கூட மனசில் ஓர் ஓரம் இளகித்தான் இருந்தது. தப்பு யாருக்கும் நடக்கும். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க எப்போ கண்டுபிடிச்சீங்க? நான் வந்து சொன்னப்பவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரியில. அவன் பாட்டுன்னு சொன்னான் பாரு, அப்பவே."

"அப்பவேவா? தெரிஞ்சுக்கிட்டா அந்த ஜோக்கு அடிச்சீங்க? ஹெல்மெட்டு, கச்சேரின்னு?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? அவன் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தான். பக்கத்துல நீ நிக்கிறே. உனக்கு இந்த வேலை தெரியும். நீ யோசிக்க ஆரம்பிச்சுடுவியேன்னு பயமா இருந்துச்சு. சிரிச்சுட்டா நீ யோசிக்காம விட்டுடுவேன்னு நினைச்சேன்."

அவர் நினைத்தது சரிதான். அன்றைக்கு நான் சிரித்தேன்.